பார்த்த மாத்திரத்தில்

குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கோர்ட் விசாரணையைப் புரிந்துகொள்ளும் மனநிலை இருக்கிறதா என்று டாக்டர் சொல்ல வேண்டும். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியும் என்று அவருக்குத் தன்மேல் அபார நம்பிக்கை.

காவலர் வாசலிலேயே நின்றுகொள்ள, இருவர் உள்ளே வந்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்தவருக்குத் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது; கைகள் நிலைகொள்ளாமல் ஆடின. நாற்காலியைத் தள்ளி வந்த இளைஞன் சலவைச் சட்டையில் பளிச்சென்று இருந்தான்.

"நாம பேசறது இவருக்குப் புரியுமாப்பா?" என்று டாக்டர் இளைஞனிடம் கேட்டார்.

"நல்லாப் புரியும் சார். அவர்கிட்டயே கேளுங்க."

டாக்டர் குனிந்து, கைக்குழந்தையைக் கொஞ்சுவதுபோல் குரலை இழுத்தார். "கோர்ட்ல ஜட்ஜ் என்ன பண்ணுவாரு, சொல்லுங்க பார்ப்போம்."

"மனசு... வச்சா... நியாயம்..." என்று அவர் குழறலாகத் தொடங்கினார். டாக்டரின் பொறுமை அதற்குள் தீர்ந்துவிட்டது.

"பாவம், ஏதேதோ உளர்றாரு. இவரை விசாரிக்கவே முடியாது. ஆயுசு பூரா ஆஸ்பத்திரியில இருக்கட்டும், நாங்க நல்லாப் பார்த்துக்குவோம்."

இளைஞன் தயங்கினான். "சார், இவர் என் வக்கீல். கேஸ் என் மேலதான்."

டாக்டர் அவசரமாக மேஜைமேல் இருந்த ஃபைலைப் புரட்டினார்.

"போன வருஷம் எனக்குப் புத்தி சரியில்ல, விசாரிக்க முடியாதுன்னு எழுதிக் குடுத்ததும் நீங்கதான் சார். அன்னிலேர்ந்து விசாரணையே இல்லாம ஆஸ்பத்திரி உள்ளேதான் இருக்கேன். என்னை ஞாபகம் இல்லையா?"

டாக்டர் அப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

வக்கீல் ஒவ்வொரு சொல்லாகக் கோத்துச் சொன்னார்: "கவலைப்படாதீங்க டாக்டர். இப்ப... என்னைப் பத்திச் சொன்னதை... ஜட்ஜ் கிட்டயும் சொல்லுங்க. என் கட்சிக்காரருக்கு... விசாரணை கிடைக்க... அது ஒண்ணே போதும்."