அக்கரைக்குப் போகும் மருமகள்

சம்பான் படகில் ஏரம்பமூர்த்தி, மருமகள் சற்குணம், அவள் மடியில் கைக்குழந்தை, அடுத்த வீட்டு லாரன்ஸ். ஏரம்பமூர்த்தியின் மகனை ஜப்பான்காரன் சயாம் ரயில்பாதை போடும் வேலைக்குப் பிடித்துப்போன பிறகு, சற்குணம் தினமும் குழந்தையோடு கடல் தாண்டி அக்கரைப் பட்டர்வொர்த்துக்குப் போய்வந்தாள். காரணம் சொல்வதில்லை. இன்று மாமனாரும் ஏறிவிட்டார்.

"வெயிலு லா, மாமா. நீங்க எதுக்கு?"

"என் வீட்டு மானம் எங்கே போகுதுன்னு பார்க்க."

அக்கரையில் ஒரு மலாய்க் குடிசை. வாசலில் இருந்த பெண் தன் பிள்ளையை இறக்கிவிட்டு, பேரனை வாங்கி மார்பில் அணைத்துப் பாலூட்டினாள்.

சற்குணம் தலைகுனிந்தாள். "வெறும் மரவள்ளியைத் தின்னு எனக்குப் பால் வத்திப்போச்சு, மாமா. மலாய்க்காரங்க பால்னா விடமாட்டீங்கன்னு சொல்லல."

அவர் அந்தப் பெண்ணிடம் பெயர் கேட்டார். "ஹலிமா" என்றாள்.

திரும்பும்போது, அதுவரை படகிலேயே காத்திருந்த லாரன்ஸ் மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, உங்க மருமக அக்கரையில யாரோ ஆம்பளையைப் பார்க்குறதா ஊர்ல பேச்சு."

"ஆம்பளை இல்லை. ஹலிமான்னு ஒரு அம்மா. என் பேரனுக்குப் பால் கொடுக்கிறாங்க. நாளைக்கு நானே தூக்கிட்டு வருவேன்."