டிஷ்ஷை மூடிய போர்வை

“மாடியில டிஷ்ஷைப் போர்வை போட்டு மூடியாச்சா?” பீமராவ் மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

“மூடிட்டேங்க,” என்றாள் மனைவி யமுனா. “கேபிள்ல சீரியல் நின்னு நின்னுதான் வந்துச்சு. இது ஃப்ரீயா, பளிச்சுன்னு வருது. இதைப் போய் எதுக்கு மறைக்கணும்?”

“ஸ்ரீரங்கத்துல மாடியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. யார் கண்ணுலயாவது பட்டா வம்பு.”

காலிங்பெல் அடித்தது. பீமராவ் பதறிப்போய் டிவியை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். பக்கத்து வீட்டு பேட்ரிசியா நின்றிருந்தாள்.

“நேத்துலேர்ந்து தெருவுல யாருக்கும் கேபிள் வரலை. உங்க வீட்ல வருதாண்ணே?”

“எங்களுக்கும் வரலைம்மா,” என்றார் பீமராவ்.

“தெருவுக்கே கேபிள் கொடுக்கறவர் நீங்க. உங்க வீட்லயே வரலைன்னா, நாங்க யாரைப் போய்க் கேட்கறது?”