கிப்லா காட்டும் மிஷின்

எங்கக்கா உம்மல் குல்சும் அஞ்சாவதுக்கு மேல படிக்கலைங்க. அது என்ற கடைக்கு வந்து ஜி.பி.எஸ். கேட்டா எனக்குச் சிரிப்பு வருமா, வராதா? வந்துச்சு. அந்தச் சிரிப்பை நெனைச்சா இப்ப எனக்கே என்னைப் புடிக்கலை.

தொண்ணூத்தாறாம் வருசம். ஒப்பணக்கார வீதியில 'யூசுப் வாட்ச் சென்டர்'னு போர்டு போட்டு வாட்ச், கால்குலேட்டர், பைனாகுலர்னு வெளிநாட்டுச் சாமானா வித்துட்டிருந்தேன். கையில புடிக்கற ஜி.பி.எஸ். அப்பத்தான் சிங்கப்பூர்ல இருந்து ரெண்டே ரெண்டு வந்திருந்துச்சு, சின்னது ஒண்ணு, பெருசு ஒண்ணு. நிக்கற எடத்தையும் போற வழியையும் சொல்ற மிஷின். கோயமுத்தூர்ல முக்கால்வாசிப் பேருக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது.

அக்கா மக ஹுமேராவுக்குக் கனடாவுல எடம் கெடைச்சிருந்துச்சு. மரங்களைப் பத்தின மேல்படிப்பு, உதவித்தொகையோட. மச்சான் கலீல் ரஹ்மான் முடியவே முடியாதுன்னு ஆறு மாசம் நின்னாரு. அக்கா கரைச்சுக் கரைச்சு, கடைசியில ஒரு நிபந்தனையோட எறங்கி வந்தாரு. காலேஜு, ஹாஸ்டலு. மூணாவதா ஒரு எடத்துக்குப் புள்ள போகக்கூடாது. அப்படியே ஆகட்டும்னு அக்காவும் தலையாட்டுச்சு.

அதுக்கப்புறந்தான் இந்த மிஷின் பேச்சு. தொழுகைக்கு மக்காவைப் பார்த்து நிக்கோணும், அந்தத் திசைக்குப் பேரு கிப்லா. நம்மூர்ல மேக்க பார்த்து நின்னாச் சரியாப்போச்சு. கனடாவுல எந்தப் பக்கம்? ஜமாத்துல விசாரிச்சா ஆளுக்கொரு திசை சொன்னாங்க. கிப்லாவை மிஷினே காட்டோணும், அது இல்லாம புள்ளையை ஏத்தியனுப்ப மாட்டேன்னு அக்கா ஒரே புடியா நின்னுச்சு. பொண்டாட்டியோட பக்தியில மச்சானுக்குப் பெருமையான பெருமை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு மூணு பேரும் கடைக்கு வந்தாங்க. கடைக்குள்ள சிக்னல் வராதுங்கறதால மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனேன். பத்து நிமிசம் வானத்தைக் காட்டிட்டு நின்னதுக்கப்புறம் மக்கா இருக்கற பக்கம் அம்புக்குறி திரும்புச்சு. மச்சான் சுபஹானல்லான்னாரு. சின்ன மிஷினே போதும், கட்டிக் குடுன்னுட்டாரு.

அக்கா விடலை. மழையில நனைஞ்சாத் தாங்குமா? பாறையில விழுந்தா ஒடையுமா? பேட்டரி எத்தனை மணி நேரம் வரும்? வந்த வழியைத் திருப்பிக் காட்டறது எது? கேள்வி மேல கேள்வி. ரூமுக்குள்ள பாய் விரிச்சுத் தொழப் போறவளுக்கு மழை எங்கிருந்து வருது, பாறை எங்கிருந்து வருதுன்னு எனக்கு எரிச்சலான எரிச்சல்.

கடைசியில பெருசைக் கையில எடுத்து, இதுதான்னுச்சு. அதுதான் வெலை கூடினது.

நான் பாட்டுக்கு வித்துட்டுப் போயிருக்கலாம். மச்சான் முன்னால விவரம் தெரிஞ்சவனாட்ட காட்டிக்கோணுமே. வாய் சும்மா இருக்கலைங்க.

"ஏனுங்க மச்சான், அக்கா பேச்சைக் கேட்டு ஏமாந்துபோடாதீங்க. ஹாஸ்டல் ரூமு நகராதுங்க. ஒருக்கா திசை தெரிஞ்சா அத்தோட சரி, சாதாக் காம்பஸே போதும். இதெல்லாம் காட்டுல தனியாச் சுத்தறவங்க வழி தப்பாம இருக்கறதுக்கு வாங்கறது."

யாரும் சிரிக்கலை. அக்கா தரையைப் பார்த்துட்டு நின்னுச்சு.

மச்சான் மிஷினைப் பார்த்தாரு. அப்புறம் மகளைப் பார்த்தாரு.

"கண்ணு, அங்க காட்டுக்குப் போகோணுமா?"

அந்தப் புள்ளைக்குப் பொய் வராது.

"வருசத்துல நாலு மாசம் போகோணும் அத்தா. டென்ட்லதான் தங்கோணும்."

மச்சான் மிஷினை என்ற கையில குடுத்துட்டுப் படி எறங்கிப் போயிட்டாரு. அந்த வாரமே டிக்கெட்டை ரத்து பண்ணிப்போட்டாரு. சொந்தக்காரங்க நாலு பேரு பேசிப் பார்த்தும் ஒண்ணும் நடக்கலை.

அடுத்த வருசம் ஹுமேராவுக்குப் பெருந்துறையில மாப்பிள்ளை பார்த்து நிக்காஹ் முடிச்சாங்க. நல்ல குடும்பந்தான். அந்தப் படிப்பைப் பத்தி அவ அப்புறம் வாயே தொறக்கலை.

புள்ளையை மாப்பிள்ளை ஊட்டுக்கு அனுப்பிட்டு அக்கா தனியா உக்காந்திருந்துச்சு. ஆறுதலா நாலு வார்த்தை சொல்லலாம்னு பக்கத்துல போனேன். நல்லவேளை அன்னிக்கு நான் வாயைத் தொறந்தேன், இல்லைன்னா அந்தப் புள்ள உன்னையும் ஏமாத்திட்டுப் போயிருக்கும்னேன்.

அக்கா என்ற பக்கம் திரும்புச்சு.

"கனடாவுல இருந்து வந்த கடுதாசியை அவ மொதல்ல எனக்குத்தான்டா படிச்சுக் காட்டினா. காடு, டென்ட்டு, இந்த மிஷினு, எல்லாம் அதுல போட்டிருந்துச்சு. அவரு கையாலயே அதை வாங்கிக் குடுக்கட்டும்னு கிப்லாவைச் சொன்னது நான்தான். தொழுகை பேரைச் சொல்லிப் பொய் சொன்னதுக்கு அல்லா என்னை மன்னிச்சிருவான், யூசுப்பு. உன்னை மன்னிக்கத்தான் என்னால முடியலை."