ஓடை வற்றிய மத்தியானம்

மலையுச்சியில் அவ்வளவு மழை கொட்டியும், மத்தியானம் ஓடையில் தண்ணீர் திடீரென்று வற்றிவிட்டது. வயிற்று மடிப்பில் குஞ்சுகளைச் சுமந்திருந்த நண்டுக்குப் பகீரென்றது. வலிக்கிற கால்களோடு மறுபடியும் பாறையில் ஏறத் தொடங்கியது.

“தவளைத் தம்பி, நீயும் வந்துடுப்பா. மேலே மண் சரிஞ்சு தண்ணியை அடைச்சிருக்கு. உடைச்சுக்கிட்டு வரும்.”

“போன வாரமும் இதைத்தானே சொன்னே அக்கா? நீ போய்ப் பாறைமேல காஞ்சு கிட. எனக்கு இங்கே சேறெல்லாம் புழு!” என்று சிரித்தது தவளை.

இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்து, அலுத்துப்போய் ஏறிவிட்டது நண்டு.

சற்று நேரத்தில் வெள்ளம் மரங்களைப் புரட்டிக்கொண்டு வந்தது. நண்டு நீட்டிய கொடுக்கைப் பற்றிக்கொண்டு தவளை மேலே வந்து விழுந்தது.

“இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா அக்கா?” என்றது.

நண்டு குஞ்சுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, தவளைக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தது.