பெட்டியின் இரைச்சல்

வீட்டுக் கரண்டில்தான் அழுக்கு இருக்கிறது என்று யாரோ தணிகாசலத்துக்குச் சொல்லியிருந்தார்கள். பதினாறு வருடங்களாக அவருடைய ஸ்பீக்கரில், பாட்டுக்கு அடியில், ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. ஒயரை மாற்றினார். ஆம்ப்ளிஃபயரையே மாற்றினார். இரைச்சல் போகவில்லை. அன்று காலை ஒரு பேட்டரியைத் தூக்கி வந்தார். அடாப்டரைப் பிடுங்கிவிட்டு ஆம்ப்ளிஃபயரை அதில் மாட்டினார். வயலின் கழுவித் துடைத்ததுபோல் வந்தது. ஆனாலும் வீட்டிலிருந்து எதையோ தூக்கிக்கொண்டு போய்விட்ட மாதிரி இருந்தது. சந்தேகத்தில் பாட்டை நிறுத்திவிட்டு, பழையபடி கரண்டில் மாட்டிப் பார்த்தார். ஸ்பீக்கர் இரைந்தது. இரண்டு மூச்சு கழித்து, அதே சுருதியில் இன்னொரு ‘ம்ம்ம்’ அடுக்களையிலிருந்து எழுந்து அதோடு சேர்ந்துகொண்டது. பேட்டரிக்கு மாற்றினார். முதலில் ஸ்பீக்கர் நின்றது, பிறகு அடுக்களை. மறுபடி கரண்டுக்கு வந்தார். முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று. பதினாறு வருடமும் அவர் அதை ஒரே இரைச்சல் என்றுதான் நினைத்திருந்தார். அடாப்டரைப் பிடுங்கினார்.

“சுலோ, நீ பாடுவியா?”

பாதி நறுக்கிய கத்தரிக்காயோடு மனைவி சுலோசனா எட்டிப் பார்த்தாள்.

“நானா? எனக்கெங்கேங்க பாட்டு வரும்?”

“அப்ப இவ்வளவு நேரம் கேட்டது?”

“அது உங்க பெட்டி இரையறது. எப்பவும் இருக்கறதுதானே.” உள்ளே போகத் திரும்பியவள் நின்றாள். “ஏன் நிறுத்திட்டீங்க? கையே ஓட மாட்டேங்குது.”

ஒரு கையில் அடாப்டரும் மறு கையில் பேட்டரி ஒயருமாகத் தணிகாசலம் நின்றுகொண்டிருந்தார்.