மாப்பிள்ளை முன்னால் கேட்ட கேள்வி

இடுப்பு வலியோடு அவசரப் பிரிவுக்கு வந்த பேச்சியம்மாளிடம், நோயாளிகளை விசாரித்து முடிவு சொல்லும் கணினியின் சுவர்த்திரை சத்தமாகக் கேட்டது: "மூத்திரம் அடைத்திருக்கிறதா? தொடையிடுக்கு மரத்திருக்கிறதா?"

தூக்கி வந்த மாப்பிள்ளை கட்டிலருகிலேயே நின்றார். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அதெல்லாம் இல்ல" என்றாள்.

"ஸ்கேன் தேவையில்லை. வீட்டுக்குப் போய் நடமாடுங்கள்" என்றது திரை.

ஸ்கேன் அறை பூட்டிக்கொண்டது. திரை அனுமதிக்காமல் அதைத் திறக்க டாக்டருக்கும் அதிகாரமில்லை.

எழுந்தவளின் கால்கள் துவண்டன. நர்ஸ் ஜெசிந்தா தாங்கிப் பிடித்தாள். "அண்ணே, ஒரு டீ வாங்கிட்டு வாங்க."

அவர் போனதும் அதே கேள்விகளைக் காதோடு கேட்டாள்.

"காலையிலேருந்து சொட்டு மூத்திரம் போகலம்மா. கீழ உணர்ச்சியே இல்ல."

முதுகுத்தண்டின் அடியில் நரம்புகள் நசுங்குகின்றன என்று ஜெசிந்தாவுக்குப் புரிந்தது. இன்றே ஆபரேஷன் செய்யாவிட்டால் இவள் இனி நடக்கவே மாட்டாள். தன்னிடம் சொன்னதை அவளையே திரையிடம் சொல்ல வைத்தாள். ஸ்கேன் அறைக் கதவு திறந்தது.

"முதலில் ஏன் மறைத்தீர்கள்?" என்றது திரை.

கட்டிலைத் தள்ளிக்கொண்டே ஜெசிந்தா கத்தினாள்: "மாப்பிள்ளைய பக்கத்துல வச்சுக்கிட்டா கேப்பே?"