வெயிலில் வைத்த ஹைட்ரேஞ்சியா

"அங்கே வைக்காதே! உச்சி வெயில்ல கருகிப் போயிடும். மரத்தடி நிழல்ல வை!" ஜன்னலிலிருந்து மாமியார் கத்தினாள்.

"எனக்கு இங்கேதான் பிடிச்சிருக்கு, அத்தை." ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி ஹைட்ரேஞ்சியா பூச்செடியைக் குழியில் இறக்கி, மண்ணைத் தள்ளி மூடினாள் மருமகள்.

"திமிரைப் பாரு!"

கணவன் ஓடி வந்தான். "அம்மாதான் சொல்றாங்கல்ல? ஏன் இந்த வீம்பு?"

"நீங்க சும்மா இருங்க."

படாரென்று கதவு திறந்தது. கணவன் வாயைப் பிளந்தான். மூச்சிரைக்க வந்த மாமியார், "தள்ளு! உன்னை நம்பினா செடி செத்துடும்" என்று குனிந்து இழுத்தாள். செடி தொட்டியோடு கையில் வந்தது.

"நீ இதை நடவே இல்லையா?"

"உங்க செடியை நான் சாகடிப்பேனா, அத்தை? தொட்டியோடதான் புதைச்சேன்."

"அப்புறம் எதுக்குடி இந்த நாடகம்?"

மருமகள் சிரித்தபடி ஜன்னலைக் காட்டினாள். உடைந்த கால் எலும்பு கூடிய பிறகும், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் இரண்டு மாதமாக மாமியார் இறங்க மறுத்த கட்டில் உள்ளே காலியாகக் கிடந்தது.

"டாக்டர் கெஞ்சினாரு, உங்க பிள்ளை கெஞ்சினாரு. அசைஞ்சீங்களா?"

மாமியார் தன் கால்களையே பார்த்தாள். பிறகு தொட்டியை மருமகள் கையில் திணித்தாள்.

"தூக்கிட்டு வா. மரத்தடி வரைக்கும் நான் முன்னாடி நடக்கறேன்."